30 வாரத்தில் இரண்டு குழந்தைகள்

ஒரே வாரத்தில் கருவுற்ற இரண்டு சிசுக்கள். இரண்டுக்கும் இன்று 30 வாரம். ஒன்று தாய் வயிற்றில் பனிக்குடநீரில் மிதக்கிறது. மற்றது 28 வாரத்திலேயே பிறந்துவிட்டது. மூக்கில் மூச்சுக்கான குழாயும் பாதத்தில் ஆக்ஸிஜன் சென்சாரும் ஒட்டியபடி இன்குபேட்டருக்குள் கிடக்கிறது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இருவரின் மூளைக்கும் வயது ஒன்றே. ஊசி பட்டால் இருவருமே காலை இழுத்துக்கொள்வார்கள். அந்த இழுப்புக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா, வலி என்ற அனுபவம் மங்கலாகவாவது நிகழ்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை எப்படிக் கேட்பது என்பதிலேயே தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. மருத்துவமனையில் ‘சுயநினைவு’ என்கிறோம். அதில் ‘சுயம்’ என்ற பெரிய சரக்கு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ‘நனவு’ அழகான பழைய சொல். ஆனால் அது கனவுக்கு எதிர்ச்சொல். கனவு காண்பவருக்கும் அனுபவம் உண்டே. ‘உணர்வு’ என்றால் தொட்டாற்சிணுங்கியும் உள்ளே வந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் ‘பிரக்ஞை’ என்றே எழுதுகிறேன். ‘நான்’ என்ற எண்ணமோ, நினைவில் வைத்துப் பிறகு சொல்லும் திறனோ இதற்குத் தேவையில்லை. ஏதோ ஒன்று நிகழ்கிறது, அது அந்த உயிருக்கு எப்படியோ இருக்கிறது, அவ்வளவு போதும்.

வாரக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதிச் சண்டை அங்கேதான் முளைக்கிறது. மகப்பேறு மருத்துவர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார். கருவியல் ஆய்வாளர் கருவுற்ற நாளிலிருந்து எண்ணுவார். இடையே இரண்டு வாரம் உதைக்கும். ‘24 வாரத்தில் நரம்புகள் மூளைப் புறணியை எட்டுகின்றன’ என்று ஒருவரும், ‘இல்லை, 26’ என்று இன்னொருவரும் அடித்துக்கொள்வார்கள். இருவரும் ஒரே நாளைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கே மகப்பேறு மருத்துவரின் கணக்கையே பின்பற்றுகிறேன்.

முதலில் கம்பிகள். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடுவது 6 வாரத்தில். 9, 10 வாரத்தில் வாயோரம் மயிரிழையால் தொட்டால் தலை விலகும். இதைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. அதில் புறணிக்கு வேலையே இல்லை. தோலிலிருந்து மூளைத்தண்டு, தண்டுவடம் வரை போய் அங்கிருந்தே தசைக்குத் திரும்பும் குறுக்குவழி அது. புறணி என்றால் மூளையின் மேலுறை, திண்ணையில் பேசும் புறணி அல்ல. அனுபவம் அங்கேதான் உருவாகிறது என்பது பெரும்பாலானோர் எடுக்கும் நிலைப்பாடு. கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் சேதியைப் புறணிக்குத் தள்ளிவிடும் சந்திப்பு, மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ். ஆகவே தலாமஸுக்கும் புறணிக்கும் இடையே கம்பி எப்போது இழுக்கப்படுகிறது என்பதுதான் எல்லோரும் பார்க்கும் இடம்.

அங்கே நடப்பது விசித்திரமானது. தலாமஸிலிருந்து கிளம்பும் இழைகள் நேராகப் புறணிக்குள் போவதில்லை. அதற்குக் கீழே இருக்கும் ‘சப்பிளேட்’ என்ற அடுக்கில் வந்து வாரக்கணக்கில் காத்து நிற்கின்றன. இந்த அடுக்கை 1974இல் ஐவிட்சா கோஸ்டோவிச்சும் மார்க் மொலிவரும் பெயர் சூட்டி விவரித்தார்கள். 28, 30 வாரத்தையொட்டி அது மேலே உள்ள, புறணியாக மாறவிருக்கும் புறணித் தகட்டைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தடிமனாக இருக்கும். பிறந்து சில மாதங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும். வீடு கட்டுகிறவர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடுதான். முழு வயரிங் முடியும் முன்பே கட்டுமான வேலைக்கென்று ஈ.பி.யில் ஒரு தற்காலிகக் கனெக்ஷன் வாங்குவோம். ஒரு மரப்பலகையில் மீட்டரும் ஃபியூஸும் தொங்கும். சிமென்ட் கலவை இயந்திரம் ஓடும், ஒரு குண்டு பல்பு எரியும். வீடு முடிந்ததும் பலகையைக் கழற்றிவிடுவார்கள். சப்பிளேட் அப்படியொரு பலகை. 24 முதல் 28 வாரத்துக்குள் காத்திருந்த இழைகள் மேலே ஏறிப் புறணித் தகட்டுக்குள் நுழைகின்றன. நிரந்தரக் கனெக்ஷன் அப்போதுதான்.

பலகையில் எரியும் குண்டு பல்பை ‘வெளிச்சம்’ என்று கணக்கில் எடுக்கலாமா? இதில்தான் கருத்து பிளந்து நிற்கிறது. லண்டனிலுள்ள மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் அப்ஸ்டெட்ரீஷியன்ஸ் அண்ட் கைனகாலஜிஸ்ட்ஸ் 2010இல் 24 வாரத்துக்கு முன் சிசுவுக்கு வலி இல்லை என்றது. 2022இல் அந்த எல்லையை 28க்குத் தள்ளியது. இடையில் 2020இல், அதுவரை ‘24 வாரத்துக்கு முன் வலி இல்லை’ என்பவர்களோடு நின்ற ஆய்வாளர் ஸ்டூவர்ட் டெர்பிஷயர், ஜான் பாக்மானோடு சேர்ந்து, சப்பிளேட் வழியாக 12 வாரத்திலேயே யோசனை கலக்காத ஒருவித வலி சாத்தியம் என்று எழுதினார். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர் இப்படி எழுதியது பலருக்கு அதிர்ச்சி. என் கணிப்பில் 12 வாரம் என்பது ரொம்ப முந்தி. அந்த வயதில் சப்பிளேட்டே அப்போதுதான் உருவாகத் தொடங்குகிறது. இழைகள் வந்து சேர்ந்து அங்கே சேதி பரிமாறுவதற்கு இன்னும் காலம் கிடக்கிறது. ஆனால் ‘சப்பிளேட் வெறும் கட்டடச் சாரம், சாரத்தில் மின்சாரம் ஓடாது’ என்ற பழைய வாதமும் தவறு. ஓடுகிறது.

அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க நம் இரண்டாவது குழந்தையிடம் வருவோம், தலையில் மின்முனைகளை (எலக்ட்ரோடு) ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்க முடிவது அவரிடம்தான். பெரியவர்களுக்கு 21 எலக்ட்ரோடு வைக்கும் இடத்தில் இந்தத் தலைக்கு எட்டு, ஒன்பது போதும். தோல் ஈரக் காகிதம் மாதிரி. மின்தடையைக் குறைக்கப் பெரியவர்களுக்குத் தேய்ப்பதுபோல் பசையை அழுத்தித் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். திரையில் ஒரு பக்கத்துக்கு 20 வினாடி என்று வைத்துப் பார்ப்பார்கள். முதலில் தெரிவது ஏறக்குறைய தட்டையான கோடு. பத்து வினாடி, இருபது, சில சமயம் முப்பதுகூட ஆகும். பிறகு திடீரென்று பெரிய அலைக்கூட்டம் எழுந்து, சில வினாடி ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு அடங்கும். மறுபடி தட்டை. ஒரு பெரியவருக்கு இப்படி வந்தால் ஆழ்ந்த மயக்கம் அல்லது மூளை பலமாகச் சேதப்பட்டது என்று பொருள். 28 வாரக் குழந்தைக்கு இது இயல்பு. அனுபவமில்லாதவர் பயப்படுவது இங்கேதான். இன்னொரு பொறி எதிர்த்திசையில் இருக்கிறது: குழந்தையை யாராவது தட்டிக்கொடுத்தால் தாளம் தப்பாத அழகான அலை திரையில் வரும். அது மூளை அல்ல, கை. வலிக்கான மார்ஃபினோ வலிப்புக்கான ஃபீனோபார்பிடோனோ கொடுத்திருந்தால் தட்டையான இடைவெளி நீளும். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் அந்தக் கோட்டைப் படிக்கக் கூடாது.

இப்போது குழந்தையின் வலது கையைக் கவனியுங்கள். தூக்கத்தில் விரல் ஒரு வெட்டு வெட்டுகிறது. அடுத்த கணமே இடது பக்க மூளையின் நடுப்பகுதியில் மெதுவான ஒரு பெரிய அலை எழுகிறது. அதன் முதுகில், கம்பளிப்பூச்சியின் மயிர்போல, வினாடிக்குச் சுமார் 8 முதல் 25 வரை துடிக்கும் சிற்றலைகள். இதற்கு ‘டெல்டா பிரஷ்’ என்று பெயர். கை வெட்டியதால் அலை வந்ததே தவிர, அலை வந்து கை வெட்டவில்லை. இதை 2007இல் மார்செய் நகரக் குழு 30 வாரத்தையொட்டிய குறைமாதக் குழந்தைகளிடம் காட்டியது. அயோவாவில் மார்க் ப்ளம்பர்க் எலிக்குட்டிகளை வைத்து இதைத் தோண்டியவர். விழித்திருக்கும்போது தானாகச் செய்யும் அசைவின் சேதியை மூளை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, தூக்கத்தில் வரும் வெட்டின் சேதியைத்தான் உள்ளே விடுகிறது என்பது அவர் கண்டது. எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்து எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று குறித்துக்கொள்வதுபோல, மூளை தன் கம்பிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. சுவிட்சைப் போட்டது வெளியுலகம் அல்ல, அந்தக் கையே. ஆக, பிரக்ஞை உலகத்தை நோக்கிக் கண் திறப்பதில் தொடங்குகிறது என்ற படம் சரியில்லை. உடம்பின் வரைபடம் முதலில் வருகிறது, அதுவும் தூக்கத்தில்.

இந்த அலைகள் இவ்வளவு முரட்டுத்தனமாக வருவதற்கு ஒரு காரணம் உப்பு. பெரியவர்களின் மூளையில் ‘காபா’ என்ற வேதிப்பொருள் பிரேக். அது பட்டதும் நியூரானின் கதவு திறந்து குளோரைடு உள்ளே வரும், செல் அடங்கும். சிசுவின் நியூரானில் குளோரைடு ஏற்கனவே உள்ளே நிரம்பிக் கிடக்கிறது. உள்ளே இழுக்கும் பம்ப் மும்முரமாக ஓடுகிறது, வெளியே தள்ளும் பம்ப் இன்னும் சரியாகப் பொருத்தப்படவில்லை. அதனால் அதே கதவு திறந்தால் குளோரைடு வெளியே ஓடி, செல் கிளர்ந்தெழுகிறது. பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலரேட்டர்! யெஹஸ்கேல் பென்-ஆரி பல பத்தாண்டுகள் இதற்காக வாதாடினார். நடைமுறையில் இதன் விலை தெரியும். பச்சைக்குழந்தைக்கு வலிப்பு வந்தால் முதலில் கொடுப்பது ஃபீனோபார்பிடோன், அது காபாவின் கையை ஓங்கச் செய்யும் மருந்து. கை கால் வெட்டுவது நின்றுவிடும், இ.இ.ஜி.யில் வலிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். மூளைத்தண்டு, தண்டுவடப் பக்கம் பம்ப் மாறிவிட்டது, புறணியில் இன்னும் மாறவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தொட்டிலைப் பார்த்து ‘நின்றுவிட்டது’ என்று எழுதிவிட்டுப் போவது எவ்வளவு ஆபத்தென்று சொல்லத் தேவையில்லை.

இதுவரை சொன்னது இரு குழந்தைகளுக்கும் பொது. வேறுபாடு இனிதான்.

வயிற்றிலிருப்பவரின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 30 மி.மீ. பாதரசம்; நமக்கு 90க்கு மேல். சிசுவின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடிப்பதால் பற்றாக்குறை இல்லை, ஆனால் கையிருப்பும் இல்லை. கூடவே அடினோசின், புரோஸ்டாகிளாண்டின் டி2, நஞ்சுக்கொடி சுரக்கும் அல்லோபிரெக்னனோலோன் எல்லாம் சேர்ந்து மூளையைத் தூக்கத்தில் வைத்திருக்கின்றன என்று டேவிட் மெல்லரும் சகாக்களும் 2005இல் தொகுத்து எழுதினார்கள். கடைசி வாரங்களில் சிசு 90 சதவீதத்துக்கு மேல் தூக்கத்தில்தான் இருக்கிறது. அதிலும் கண் உருளும் தூக்கம் பெரும்பங்கு. அல்லோபிரெக்னனோலோன் என்பது வாயில் நுழையாத பெயராக இருக்கிறதே என்று தள்ளிவிட வேண்டாம். அதே மூலக்கூறை 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு 60 மணி நேரம் நரம்பில் ஏற்றும் மருந்தாக அனுமதித்தது. அதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போட்ட எச்சரிக்கை என்ன தெரியுமா? அளவுக்கு மீறிய மயக்கம், திடீரென நினைவிழத்தல்.

இன்குபேட்டரில் இருப்பவருக்கோ நஞ்சுக்கொடி போய்விட்டது, அந்தத் தாலாட்டு வேதியியலில் பெரும்பகுதியும் போய்விட்டது. ஆனால் மூளைத்தண்டு இன்னும் வயிற்றுக்குள் இருக்கும் பக்குவத்தில்தான் உள்ளது, மூச்சுவிட மறந்துபோகும். அதற்குக் கொடுப்பது கஃபீன். ஆமாம், காபியில் இருப்பதேதான். முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி. கஃபீன் சிட்ரேட், பிறகு தினம் 5 முதல் 10 மி.கி. சிட்ரேட்டில் பாதி எடைதான் உண்மையான கஃபீன்; சீட்டில் எது என்று எழுதாமல் விட்டால் டோஸ் இரட்டிப்பாகிவிடும், பழைய தவறு இது. கஃபீன் செய்வது அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டு அதை உட்காரவிடாமல் செய்வது. ஆக, ஒரு குழந்தையின் மூளை அடினோசினில் ஊறிக்கொண்டிருக்கிறது, இன்னொன்றில் அடினோசினுக்கே தடை. கம்பி ஒன்றே, வயது ஒன்றே, வேதியியல் வேறு. ‘30 வாரத்தில் பிரக்ஞை உண்டா’ என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நிறைமாதப் பிறப்பில் இந்த மாற்றம் சில நிமிடங்களில் நிகழ்கிறது. தலை நெருக்கப்பட்டு வெளிவரும்போது ரத்தத்தில் அட்ரினலின் வகைகள் எகிறும் அளவை ஸ்டாக்ஹோமின் ஹ்யூகோ லாகர்கிரான்ட்ஸ் அளந்து காட்டினார். மூளைத்தண்டிலும் நோரட்ரினலின் செல்கள் முழுவீச்சில் இயங்கும் என்றார். பிறந்த குழந்தை முதல் ஒரு மணி நேரம் கண்ணை அகல விரித்து முகங்களைப் பார்ப்பதும், பிறகு நீண்ட தூக்கத்தில் விழுவதும் செவிலியர் எல்லோரும் அறிந்தது. இங்கே ஒரு ஆட்சேபணையையும் வைக்க வேண்டும். மெல்லரின் ஆதாரத்தில் பெரும்பகுதி ஆட்டுக்கருக்களிடமிருந்து வந்தது. பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கும் உயிரின் மூளையையும், ஒரு வருடம் கழித்து நடக்கும் உயிரின் மூளையையும் ஒன்றுக்கொன்று பதிலாக வைக்க முடியாது. தூங்கும் சிசுவுக்குக் கனவு இல்லை என்றும் அவர்கள் நிறுவவில்லை.

இன்னொரு பக்கம் நரம்பியல் ஆய்வாளர் பியோர்ன் மெர்க்கர் நிற்கிறார். புறணி ஏறக்குறைய முழுவதும் அழிந்து, மண்டைக்குள் பெரும்பாலும் நீரோடு பிறக்கும் குழந்தைகள் சிலர் சிரிக்கிறார்கள், பழகிய முகத்துக்கு மலர்கிறார்கள். மூளைத்தண்டின் மேற்பகுதியே ஒரு அடிப்படைப் பிரக்ஞைக்குப் போதும் என்று 2007இல் வாதிட்டார். அது சரியென்றால் என் தலாமஸ் கணக்கெல்லாம் தேவைக்கு மேல் தாமதமானது. அந்தக் குழந்தைகள் பலரிடம் புறணித் துண்டுகள் மிச்சமிருக்கும் என்பதால் நான் முழுதாக ஏற்கவில்லை, தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

சரி, நேரடியாகச் சோதிக்க முடியாதா? பெரியவர்களிடம் பயன்படும் ஒரு சோதனை உண்டு. ‘ட ட ட டீ’ போன்ற ஒலித்தொடரைத் திரும்பத் திரும்பக் கேட்கவைப்பார்கள். ஒவ்வொரு முறையும் கடைசி ஒலி வேறு. அந்த மாற்றத்தை மூளை தூக்கத்திலும் பிடித்துவிடும். பிறகு திடீரென ‘ட ட ட ட’ என்று வரும். ஒலியாகப் பார்த்தால் இதில் மாற்றமே இல்லை. விதியை நினைவில் வைத்திருந்தவருக்கு மட்டும்தான் இது ஆச்சரியம். தூங்கும் பெரியவருக்கு இந்த இரண்டாவது ஆச்சரியம் எழுவதில்லை. ட்யூபிங்கன் நகரில் யூலியா மோசரும் சகாக்களும் இதைக் கருவிலிருக்கும் சிசுக்களிடம் செய்து, 35 வாரத்துக்கு மேற்பட்டவர்களிடம் அந்த இரண்டாவது வகைப் பதிலின் சாயல் தெரிவதாக 2021இல் வெளியிட்டார்கள்.

வயிற்றின் மேல் எலக்ட்ரோடு ஒட்டி இதைச் செய்ய முடியாது. சிசுவின் தோல்மேல் படியும் வெண்ணெய் போன்ற மாவு மின்சாரத்துக்குத் தடை. காந்தப்புலத்துக்கு அது தடையில்லை. அதனால் காந்தக் கவசம் போட்ட அறையில், கர்ப்பிணி வயிற்றை ஒரு குழிந்த கருவியில் சாய்த்து உட்காருவார். வரும் சிக்னலில் பெரும்பகுதி தாயின் இதயம், அடுத்தது சிசுவின் இதயம். மூளையின் பங்கு அவற்றைவிடப் பல மடங்கு சிறியது. இரண்டு இதயத்தையும் கழித்த பிறகு மிஞ்சும் துளியில்தான் ஆச்சரியத்தைத் தேட வேண்டும். நடுவில் சிசு திரும்பிப் படுத்துக்கொண்டால் தலை எங்கே என்று மீண்டும் ஸ்கேன் பார்க்க வேண்டும். இதனால் பல பதிவுகள் கழிந்துபோகும். கோமாவில் இருந்த சிலரிடமும் அதே பதில் தெரிந்ததாக இன்னொரு குழு சொல்லியிருப்பதால், சோதனையே எதை அளக்கிறது என்பதிலும் தகராறு இருக்கிறது.

எளிய சோதனைகளோ இன்னும் மோசம். ‘வயிற்றில் கேட்ட குரலைப் பிறந்த குழந்தை அடையாளம் காண்கிறது, ஆகவே உள்ளேயே பிரக்ஞை உண்டு’ என்று அபிமன்யுவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சொல்வார்கள். தாயின் குரலைக் குழந்தை விரும்புவது உண்மை, 1980இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் கற்பதற்குப் பிரக்ஞை தேவையில்லை. உறங்கும் பச்சைக்குழந்தைக்கு ஒரு ஒலியும் கண்ணில் சிறு காற்றூதலும் சேர்த்துக் கொடுத்தால், தூக்கத்திலேயே ஒலிக்குக் கண்ணிமைக்கப் பழகிவிடும். ஏழாம் மாத வளைகாப்புக்கும் இதே கதி. காது வேலை செய்யத் தொடங்கும் காலம் என்பதுவரை பொருத்தம்தான். ஆனால் வயிற்றுச் சுவரும் நீரும் உச்ச ஒலிகளை வடிகட்டிவிடும். உள்ளே தெளிவாகப் போவது தாழ்ந்த ஒலிகள். கண்ணாடி வளையலின் கிணுகிணுப்பைவிட, பக்கத்தில் நின்று பேசும் அப்பாவின் குரல் நன்றாகப் போகும்.

பிறந்த பிறகும் விவகாரம் தீரவில்லை. பாரிஸில் சித் குயிடரின் குழு 2013இல், கணநேரம் மின்னி மறையும் முகப்படங்களை 5, 12, 15 மாதக் குழந்தைகளுக்குக் காட்டியது. பெரியவருக்குப் படம் ‘தெரிந்துவிட்டது’ என்பதைக் குறிக்கும் அலை ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வரும். 5 மாதக் குழந்தையிடமும் அதன் சாயல் வந்தது, ஆனால் பலவீனமாக, ஏறக்குறைய 900 மில்லிவினாடி கழித்து. காப்புறை முழுதாகப் போடாத நரம்புக் கம்பியில் சேதி நடந்துதான் வரும். இதை வைத்து ஐந்து மாதத்துக்கு முன் பிரக்ஞை இல்லை என்பவர்கள் உண்டு. எனக்கு அது மீட்டரைப் பார்த்துவிட்டு மின்சாரம் இல்லை என்பதுபோல் படுகிறது. அந்த அலை பெரியவர்களின் கவனத்துக்கும் அறிவிக்கும் திறனுக்கும் தைத்த சட்டை. என் பந்தயம் இப்படி: 24 வாரத்துக்கு முன் இல்லை, 28க்குப் பிறகு வெளியே இருக்கும் குழந்தையிடம் விட்டுவிட்டு எரியும் ஏதோ ஒன்று இருக்கலாம், நிறைமாதத்தில் பிறந்து கண் திறந்திருக்கும் குழந்தையிடம் இருக்கிறது.

பந்தயம் எப்படிப் போனாலும் ஊசி காத்திருக்காது. 1980களின் நடுப்பகுதி வரை பல குறைமாதக் குழந்தைகளுக்கு லேசான மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடும் தசையை முடக்கும் மருந்தும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். அசையாததால் வலியில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த கே.ஜே.எஸ். ஆனந்த், ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்கு அழுத்த ஹார்மோன்கள் குறைவு, அறுவைக்குப் பின் சிக்கலும் குறைவு என்று 1987இல் காட்டினார். அவர் பிரக்ஞையை நிறுவவில்லை. நிறுவவேண்டிய அவசியமும் இல்லாமல் நடைமுறை மாறியது.

இன்று குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன் 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலைச் சில துளி நாக்கில் விடுவார்கள். பிறகு புருவம் சுருங்குகிறதா, கண் இறுகுகிறதா, மூக்கோரக் கோடு விழுகிறதா, நாடித்துடிப்பு எவ்வளவு ஏறியது என்று 21க்கு மதிப்பெண் போடுவார்கள். 28 வாரத்துக்குக் கீழ் இருந்தால் கூடுதலாக மூன்று. அவர்களால் முகத்தைக்கூடச் சரியாகச் சுளிக்க முடியாது. ரெபெக்கா ஸ்லேட்டர் குழு 2010இல் சர்க்கரை நீரையும் வெறும் நீரையும் ஒப்பிட்டு, முகத்தோடு மூளையின் மின்பதிவையும் சேர்த்து அளந்தது. சர்க்கரை பெற்ற குழந்தைகளின் முகம் அமைதியாக இருந்தது. ஊசி குத்திய கணத்தில் மூளை எழுப்பிய அலை இரு தரப்பிலும் ஒன்றுபோல் இருந்தது. அதற்காகச் சர்க்கரையை நிறுத்தக் கூடாது. ஆனால் தாயின் மார்பில் கிடத்தியபடி குத்துவது, நான்கு பரிசோதனைக்கும் ஒரே குத்தில் ரத்தம் எடுப்பது, அதற்கும் முன்னால் கேஸ் ஷீட்டைத் திறந்து இந்தப் பரிசோதனை இன்றைக்கே வேண்டுமா என்று பார்ப்பது, இவை அதற்குப் பிறகு இன்னும் முக்கியமாகிவிட்டன.